எங்கள் விஸ்காம் பேய்ப்பட டிரெய்லர்: பார்த்துவிட்டுத் தயங்காமல் திட்டுங்கள் (2 நிமிடம் 14 விநாடி)

கடைசிபெஞ்ச் (இழையைத் தொடங்கியவர்), செவ்வாய் இரவு 10:42

வணக்கம். மூன்றாம் ஆண்டு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறோம். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்காக ஒரு பேய்ப்பட டிரெய்லர் எடுத்திருக்கிறோம். முழுப் படம் கிடையாது, டிரெய்லர் மட்டும்தான். ஐந்து பேர், மூன்று நாள், வாடகைக் கேமரா ஒன்று, எல்இடி விளக்கு இரண்டு. மொத்தச் செலவு 11,400 ரூபாய். அதில் 2,000 பிரியாணிக்குப் போனது.

கதை இதுதான். சென்னையில் வேலை பார்க்கும் பெண், பாட்டி இறந்துவிட்டதாகச் சேதி கேட்டுக் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்து ஓட்டு வீட்டுக்கு வருகிறாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட, காரியம் முடியும்வரை அவள் மட்டும் தங்குகிறாள். வீட்டில் இன்னொருவரும் இருப்பது மெல்லத் தெரியவருகிறது.

அடுத்த வாரம் ரிவ்யூ. படத்தோடு, எங்கள் வேலையை நாங்களே மதிப்பிட்டு நான்கு பக்கம் எழுதித் தரவேண்டும். "நன்றாக வந்திருக்கிறது" என்பதையே நான்கு பக்கத்துக்கு எப்படி இழுப்பது என்று தெரியாமல் இங்கே வந்தேன். சுட்டி என் பக்கத்தில் இருக்கிறது.

---

பேய்ப்படப்பித்தன், செவ்வாய் இரவு 11:05

ப்ரோ, செம! 1:31-இல் கண்ணாடியில் அந்த முகம் வந்தபோது கையிலிருந்த டீ சட்டையில் கொட்டிவிட்டது. மேக்கப் யார்? அந்த வெள்ளைக் கண் லென்ஸ் எங்கே வாங்கினீர்கள்? பத்துக்கு எட்டு.

---

எடிட்மேசை, புதன் காலை 7:20

தம்பி, மூன்று முறை பார்த்தேன். முதல் முறை ஒலியோடு, இரண்டாவது ஒலி இல்லாமல், மூன்றாவது ஷாட் ஷாட்டாக நிறுத்தி. எண்ணிப் பார்த்ததில் 61 ஷாட். உண்மையான வேலை நடந்திருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 0:41-இல் உள்முற்றத்திலிருந்து கேமரா மெதுவாகப் பின்வாங்கும் ஷாட், ஃபோகஸ் தப்பாமல் வந்திருக்கிறது. அது சுலபமில்லை.

இனி திட்டு.

நீளம் அதிகம். அமெரிக்கத் தியேட்டர்களில் பெரிய படங்களின் டிரெய்லரே இரண்டரை நிமிடத்துக்குள் என்பது பழைய வழக்கம். 2014-இல் அங்குள்ள தியேட்டர் உரிமையாளர் சங்கம் அதையும் இரண்டு நிமிடமாகக் குறைக்கச் சொன்னது. முழுப் படமே இல்லாத உங்களுக்கு 2:14 எதற்கு? நேரத்தை நிரப்பத்தான் ஆடும் ஊஞ்சல், குங்குமம் தடவிய எலுமிச்சை, கொலுசுக் கால், தானாகச் சாத்தும் கதவு என்று ஊரில் உள்ள எல்லாப் பேயையும் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறீர்கள்.

0:22-இல் ரேழியில் டியூப்லைட் எரியும் ஷாட்டில் கறுப்புப் பட்டைகள் கீழிருந்து மேலே ஓடுகின்றன. விநாடிக்கு 30 ஃப்ரேம், 1/60 விநாடி ஷட்டர் என்று வைத்தீர்களா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

1:12-இல் கொல்லைப்புறம். பகலில் எடுத்து நீலம் ஏற்றி இரவாக்கியிருக்கிறீர்கள். தப்பில்லை, காலம் காலமாகச் செய்வதுதான். ஆனால் அப்படிச் செய்யும்போது வானத்தை ஃப்ரேமுக்குள் விடக்கூடாது. உங்கள் ஷாட்டில் பாதி வானம். போதாததற்கு வாழைமரத்தின் நிழல் உச்சிவெயில் நிழலாகக் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது.

கடைசியாக 1:31 முகம். முழுசாக, நேராக, ஒன்றேகால் விநாடி. இதைக் காட்டிவிட்டால் படத்தில் எதைக் காட்டப்போகிறீர்கள்? 'சைக்கோ'வின் 1960 டிரெய்லரைத் தேடிப் பாருங்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். இயக்குநர் ஹிட்ச்காக் வீடு வாடகைக்குக் காட்டுபவர் மாதிரி செட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே போவார். கடைசியில் குளியலறைத் திரையை இழுத்ததும் ஒரு பெண் அலறுவாள். அது படத்தில் அங்கே குளிக்கும் ஜேனட் லீ கிடையாது, வேரா மைல்ஸ். சரக்கு கையில் இருந்த மனிதரே அதை அவ்வளவு பத்திரமாக ஒளித்துவைத்தார்.

---

ஒலிக்கூடம், புதன் பகல் 1:15

சாப்பாட்டு இடைவேளையில் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். ஒரே கேள்வி. கும்பகோணத்துக்கு ஓநாய் எப்படி வந்தது?

0:34-இல் தெளிவாக ஓநாய் ஊளையிடுகிறது. இலவச ஒலித் தளத்தில் "இரவு, பயம்" என்று தேடி, முதலில் வந்ததை இறக்கிவிட்டீர்கள் போல. டெல்டாவில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாசலில் உட்கார்ந்தால் என்ன கேட்கும்? தவளை, சில்வண்டு, எங்கோ ஒரு பம்புசெட், நாலு தெரு தள்ளி நாய். இதில் ஏதாவது ஒன்று சட்டென்று நின்றால் போதும், கழுத்து தானாகத் திரும்பும். தவளைச் சத்தம் நிற்பதை ஊர்க்காரர்கள் காதால் மட்டுமா கேட்கிறார்கள், உடம்பால் கேட்பார்கள்.

அடுத்தது, சத்தத்தின் அளவு. தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே உச்சத்தில் வைத்திருக்கிறீர்கள். பத்து விநாடிக்கு ஒரு "டும்". யூடியூப் என்ன செய்யும் தெரியுமா? மொத்த ஒலியையும் அளந்து, சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (சத்தத்தின் உரப்பை அளக்கும் அலகு) மேல் இருந்தால் தானாகவே இறக்கிவிடும். அப்போது உங்கள் அலறலும் சேர்ந்தே இறங்கும். வெளிநாட்டுத் தியேட்டர் டிரெய்லர்களுக்கும் 85 டெசிபல் என்று ஓர் ஒலி வரம்பு உண்டு, அதுவும் முழு நீளத்துக்கான சராசரிக் கணக்குதான். சும்மா இருந்து சேமித்ததைத்தான் கத்தும்போது செலவழிக்க முடியும். நீங்கள் முதல் தேதியே சம்பளத்தைக் காலி செய்துவிட்டீர்கள்.

'கேட் பீப்பிள்' என்று 1942-இல் ஒரு படம். ராத்திரியில் ஒருத்தி தனியாக நடப்பாள். பின்னால் கேட்ட காலடி நின்றுபோகும். அமைதி. திடீரென்று உஸ்ஸ் என்று சீறிக்கொண்டு ஃப்ரேமுக்குள் பாயும். பார்த்தால் பஸ்! அவ்வளவுதான், வேறொன்றும் கிடையாது. தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை இன்றும் "லூட்டன் பஸ்" என்கிறார்கள். நம் டவுன் பஸ் பிரேக்கை விடவா ஒரு பேய் வேண்டும்?

---

பேய்ப்படப்பித்தன், புதன் மாலை 6:48

பெரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பையனை அழவைத்துவிடுவீர்கள் போலிருக்கிறதே. பேயைக் காட்டாத பேய்ப்படம் உப்பில்லாத சாம்பார். 'காஞ்சனா'வுக்கு 2011-இல் தியேட்டரில் விசில் பறந்தது யாருக்காக? பேய்க்காகத்தான். முகத்தை எடுக்காதே தம்பி.

---

திண்ணைப்பேச்சு, புதன் இரவு 9:10

எனக்குச் சினிமா தொழில் தெரியாது. என் மகள் இந்த இழையை அனுப்பி "அம்மா, இதைப் பார்" என்றாள், பார்த்தேன். கண்ணாடிக்குள் வந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. பவுடர் கழுத்துவரைதான் போட்டிருக்கிறது.

ஆனால் ஓர் இடத்தில் சுருக்கென்றது. 0:18. அந்தப் பெண் காரிலிருந்து இறங்கி வாசலுக்கு வருகிறாள். பந்தல் போட்டிருக்கிறது, வாடகை நாற்காலி அடுக்கியிருக்கிறது, வாசலில் செருப்புக் குவியல், உள்ளே பாட்டி படத்துக்கு மாலை. எல்லாம் துட்டி வீடு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது. ஆனால் அவள் காலடியில் கோலம்! ஏழு புள்ளிச் சிக்குக் கோலம், தண்ணீர் தெளித்த ஈரம்கூட இன்னும் காயவில்லை.

துட்டி வீட்டு வாசலில் யார் கோலம் போட்டது? காரியம் கழியாமல் எங்கள் ஊரில் யாரும் புள்ளிகூட வைக்கமாட்டார்கள். உங்கள் பக்கமும் அப்படித்தானே? அதைப் பார்த்ததும் "ஐயோ, இந்த வீட்டில் என்னவோ சரியில்லை" என்று மனசு சொன்னது. அதற்கப்புறம் நீங்கள் கோலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வேண்டுமென்றே வைத்தீர்களா, இல்லை தெரியாமல் விழுந்ததா?

---

கடைசிபெஞ்ச், புதன் இரவு 11:56

அம்மா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் விழுந்ததுதான்.

அது எங்கள் கேமராமேனின் பாட்டி வீடு. நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீடானாலும் வாசல் வெறிச்சென்று இருக்கக்கூடாது என்று பக்கத்து வீட்டு அத்தை தினமும் விடியற்காலை இங்கேயும் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். நாங்கள் ஆறு மணிக்குப் போய்ப் பந்தல் கட்டி, நாற்காலி இறக்கி, ஏழரைக்கு ஷூட் ஆரம்பித்தோம். கோலம் அங்கேயே இருந்தது. ஐந்து பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. "ஃப்ரேம் அழகா இருக்கு" என்று வேறு பேசிக்கொண்டோம். இப்போது பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்கும் பொறுப்பு என்னுடையது. அந்த ஷாட்டைத் தூக்கிவிடவா?

---

எடிட்மேசை, வியாழன் காலை 6:31

தூக்குவதா? மற்ற அறுபதையும் தூக்கு, இதை மட்டும் வை!

தம்பி, நேற்று நான் மூன்று முறை பார்த்தும் இது என் கண்ணில் படவில்லை. அம்மாவுக்குப் பட்டது. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை. உன்னிடம் இப்போது இருப்பது, தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் வசனமே இல்லாமல் புரிகிற ஒரு படம். வெள்ளைப் புடவையும் ஊஞ்சலும் எங்கள் காலத்திலேயே தேய்ந்துபோனவை. துக்க வீட்டு வாசலில் ஈரம் காயாத கோலத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

2009-இல் 'யாவரும் நலம்' வந்தபோது ஏன் உலுக்கியது? பாழடைந்த பங்களாவில் நடக்கவில்லை. புதிதாக வாங்கிய ஃப்ளாட், டிவியில் ஓடும் மெகா சீரியல், அவ்வளவுதான். தினமும் பார்க்கும் பொருள் ஒரு நூல் அளவு இடம் மாறி உட்காரும்போது வருகிற பயம் அது. உன் கோலமும் அந்த ஜாதிதான்.

நான் வெட்டினால் இப்படி வெட்டுவேன். முதல் நாள், பந்தலும் நாற்காலியும், வாசல் வெறுமை. அடுத்த நாள் விடியற்காலை கதவைத் திறக்கிறாள், கோலம். யாரோ தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறாள். மூன்றாம் நாள் திறக்கிறாள், மறுபடி கோலம். கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு உள்ளே திரும்புகிறாள். நிலைப்படிக்கு உட்புறம், கூடத்துத் தரையில், இன்னொன்று. கறுப்பு. தலைப்பு. முடிந்தது.

---

திண்ணைப்பேச்சு, வியாழன் காலை 8:02

உள்ளே போட்டதைப் படித்ததும் எனக்கு இங்கே புல்லரித்துவிட்டது. அப்படியே செய்யுங்கள்.

ஒரு சின்ன விஷயம். இப்போது இருப்பது கல்மாவுக் கோலம், பார்த்தாலே தெரிகிறது. வெள்ளை அதிகம், ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது. பாட்டி காலத்து மனுஷி என்றால் பச்சரிசி மாவில்தான் போட்டிருப்பாள், கொஞ்சம் மங்கலாக விழும். அரிசி மாவு என்றால் அரைமணி நேரத்தில் எறும்பு வந்துவிடும். உங்கள் கோலத்துக்கு எறும்பு வரட்டும். வரிசையாக வந்து, கோலத்தின் விளிம்பில் நின்று, தொடாமல் திரும்பிப் போகட்டும். எடுக்க முடியுமா என்று தெரியாது, மனதில் பட்டதைச் சொன்னேன்.

---

ஒலிக்கூடம், வியாழன் காலை 9:30

அம்மா, நீங்கள் சினிமாவுக்கு வந்திருக்க வேண்டியவர்.

ஒலிக்கு ஒரே யோசனை. வாசல் தெளிக்கும் சத்தம். கையால் வாளித் தண்ணீரை அள்ளி மண்ணில் வீசும்போது "சளப்... சளப்" என்று ஒரு தாளம் வருமே, அப்புறம் சீமாறு தேய்க்கும் "சர்ர்". படம் இருட்டாக இருக்கும்போது முதலில் இது கேட்கட்டும். காலை நாலரைக்குக் கேட்டால் அம்மா எழுந்துவிட்டாள் என்று நிம்மதி தரும் சத்தம். அந்த வீட்டில் அவள் மட்டும்தான் இருக்கிறாள் என்று தெரிந்தபின் கேட்டுப் பாருங்கள். இசை எதுவுமே வேண்டாம். செல்போனில் பதிவு செய்தால் போதும், காற்றுக்கு ஒரு கர்ச்சீப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

---

பேய்ப்படப்பித்தன், வியாழன் பகல் 12:40

நல்லாத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி. இதைப் பார்க்கும் பெங்களூர்க்காரனுக்கோ டெல்லிக்காரனுக்கோ என்ன புரியும்? ரங்கோலி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான். முகம் என்றால் எல்லோருக்கும் முகம். ரிவ்யூவுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் வேறு மாநிலத்துக்காரராக இருந்தால் மார்க் போச்சு.

---

சிவப்புமை, வியாழன் இரவு 8:25

பத்து வருடம் விஸ்காம் மாணவர்களுக்கு மார்க் போட்டவன், இப்போது வேறு வேலை. பித்தன் கேட்டது நியாயமான கேள்வி. "இந்த வீட்டில் கோலம் கூடாது" என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும், ஆனால் யாரும் விளக்கக்கூடாது. ஓர் உறவுக்காரம்மா போகிற போக்கில் "காரியம் முடியறவரைக்கும் வாசல்ல ஒண்ணும் போட்டுடாதே" என்று ஒரே வரி சொல்லிவிட்டுக் காரில் ஏறட்டும். சப்டைட்டில் போடுங்கள். டெல்லிக்காரருக்கும் போய்ச் சேரும்.

அப்புறம் அந்த எழுத்துகள். "உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது" என்று 0:05-இல் போட்டிருக்கிறீர்கள். எந்தச் சம்பவம்? நான் வைவாவில் (நேர்முகத் தேர்வில்) கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எடுத்துவிடுங்கள். 1999-இல் 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' எடுத்தவர்களும் உங்களைப்போல ஃபிலிம் படித்துவிட்டு வந்தவர்கள்தான், சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம். அவர்கள் உண்மை என்று நம்பவைக்க இணையதளம், காணவில்லை போஸ்டர் என்று ஓர் உலகத்தையே கட்டினார்கள். படத்தில் சூனியக்காரியைக் கடைசிவரை காட்டவே இல்லை. நீங்கள் ஒரு வரியைத் தட்டிவிட்டு, பேயை மட்டும் முழுசாகக் காட்டிவிட்டீர்கள்.

இப்போது நான்கு பக்க விஷயம். பெரும்பாலான மாணவர்கள் "லோ ஆங்கிள் வைத்தோம், பயம் கூடியது; சிவப்பு விளக்கு வைத்தோம், ஆபத்து தெரிந்தது" என்று எழுதுவார்கள். நாற்பது பேரும் அதையே எழுதுவார்கள். படித்துப் படித்து எனக்கே பேய் பிடித்துவிடும். நீங்கள் என்ன நினைத்து எடுத்தீர்கள், பார்த்தவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது, இரண்டுக்கும் நடுவில் எங்கே ஓட்டை, அதை எழுதுங்கள். கோலத்தைத் தெரியாமல் விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். முகத்துக்குச் செலவான பணமும் நேரமும் எவ்வளவு, அதற்கு யார் பயந்தார்கள்? ஒரு பைசா செலவில்லாத கோலத்துக்கு யார் பயந்தார்கள்? இந்தக் கணக்கே ஒரு பக்கம் வரும்.

---

கடைசிபெஞ்ச், வெள்ளி இரவு 1:14

முகத்துக்கு லென்ஸ், மேக்கப் சேர்த்து 3,200. மூன்று நாளில் ஒரு நாள் முழுக்க அதற்கே போனது. பித்தன் அண்ணா ஒருவர்தான் பயந்தார்.

ஞாயிறு மறுபடி ஊருக்குப் போகிறோம். அத்தையிடம் போனில் கேட்டோம். கோலம் போட்டுத் தருகிறேன், ஆனால் துக்க வீடு என்று கதை வைத்து என் கையால் போடச் சொன்னால் மாட்டேன் என்கிறார். எங்கள் ஹீரோயினே கற்றுக்கொள்கிறாள், ஹாஸ்டல் மொட்டைமாடியில் சாக்பீஸால் பழகிக்கொண்டிருக்கிறாள். இரண்டு நாளாகக் கோடு ஒரு இடத்தில் இடிக்கிறது.

---

திண்ணைப்பேச்சு, வெள்ளி காலை 7:15

அத்தையை வற்புறுத்தாதீர்கள். இடிக்கிற கோலமே இருக்கட்டும், சரியாகப் போடத் தெரியாத யாரோ போட்டதுபோல இருக்கும். அது இன்னும் மோசம்.

---

கடைசிபெஞ்ச், செவ்வாய் இரவு 9:37

புது வெட்டு ஏற்றிவிட்டேன். 1 நிமிடம் 6 விநாடி, 17 ஷாட். முகம் இல்லை, ஓநாய் இல்லை, ஊஞ்சல் இல்லை. முதல் ஒன்பது விநாடி இருட்டில் தெளிக்கும் சத்தம் மட்டும். ரேழி ஷாட்டைத் திரும்ப எடுக்க நேரமில்லை, பழையதிலிருந்து இரண்டு விநாடி மட்டும் எடுத்துக்கொண்டேன். எறும்பு எங்கள் சொல் கேட்கவில்லை. நேராக மாவைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. ஆனால் ஒரே ஓர் எறும்பு விளிம்பில் நின்று மீசையை ஆட்டிவிட்டுத் திரும்பியது. அந்த நாலு விநாடியை வைத்திருக்கிறேன்.

காலேஜில் காட்டுவதற்கு முன்னால் வீட்டில் அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தார். முதல் கோலம் வந்ததும் கத்தி நின்றது. "இது யாருடா போட்டது?" என்றார். "பாருங்க" என்றேன். உள்ளே கோலம் வரும் இடத்தில் போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு, "சாயங்கால நேரத்தில இதையெல்லாம் காட்டாதே" என்று எழுந்து போய்ச் சாமி விளக்கை ஏற்றினார்.

---

பேய்ப்படப்பித்தன், செவ்வாய் இரவு 9:58

பழசை டெலிட் பண்ணிவிடாதே. எனக்கு அந்த முகம் வேண்டும்.

---

எடிட்மேசை, செவ்வாய் இரவு 10:20

நன்றாக வந்திருக்கிறது. 0:24-இல் ரேழியில் பட்டை இன்னும் ஓடுகிறது, தம்பி.